தொடையில் பட்ட காயம் சிறு காயமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்து, வெட்டுக்குத்து, துப்பாக்கிச்சூடு, மாடு முட்டுதல் போன்ற நிகழ்வுகளைப் பற்றிய செய்திகளில், அடிபட்ட இடம் தொடை என்று தெரிந்ததும் 'உயிருக்கு ஆபத்தில்லை' என்ற முடிவையும் சேர்த்து எழுதிவிடும் வழக்கம் நம் நாளிதழ்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தலை, மார்பு, வயிறு ஆகியவை உயிர்நிலைகள் என்றும், கையும் காலும் அடிபட்டாலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய ஓரப் பகுதிகள் என்றும் பொதுமக்கள் மனத்தில் ஒரு கணக்கு உண்டு. திரைப்படங்களில் தொடையில் குண்டடிபட்ட நாயகன் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதை மூன்று தலைமுறையாகப் பார்த்துவருகிறோம். முழங்காலுக்குக் கீழே இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். தொடைக்கு, அதிலும் தொடையின் மேற்பகுதிக்கு, அது சிறிதும் பொருந்தாது. அரசு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தொடையின் பெரிய ரத்தக் குழாய்கள் எங்கே, எப்படி அமைந்துள்ளன என்பதையும், அந்த அமைப்பிலிருந்து பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீளமாக இருப்பதற்குப் பொறுத்தருள்க.

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி முதுகெலும்பின் முன்பக்கமாகவே இறங்கி, ஏறக்குறைய தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. இவை ஒவ்வொன்றும் இடுப்பில் மறுபடியும் இரண்டாகப் பிரிகின்றன. உட்கிளை இடுப்புக் குழியின் உறுப்புகளுக்குச் சென்றுவிடுகிறது. வெளிக்கிளை கவட்டின் மடிப்புக்கு அடியிலுள்ள உறுதியான நார்ப்பட்டையைக் கடந்து காலுக்குள் நுழைகிறது. நுழைந்த இடத்திலிருந்து அதற்குத் தொடைத் தமனி என்று பெயர். வளர்ந்தவர்களில் அதன் பருமன் ஒரு பென்சிலின் பருமனுக்குக் குறையாது. கால் முழுவதற்கும் வேண்டிய ரத்தத்தின் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே குழாய் வழியாகத்தான் வருகிறது.

இந்த இடத்தை வாசகர் எவரும் தம் உடலிலேயே கண்டறியலாம். மல்லாந்து படுத்துக்கொண்டு, இடுப்பின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையை ஒரு விரலாலும், அடிவயிற்றின் கீழே நடுக்கோட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பை மற்றொரு விரலாலும் தொட்டு, இரண்டிற்கும் நடுவில், கவட்டு மடிப்பின் மேல் மற்றொரு கையின் மூன்று விரல்களை அழுத்தி வைத்தால் நாடித் துடிப்பு விரலில் ஏறித் தெரியும். பருத்த உடலினருக்குச் சற்று ஆழ அழுத்த வேண்டியிருக்கும். மணிக்கட்டு நாடியைவிட வலுவாகத் துடிக்கும் இந்தத் தமனிக்கும் வெளியுலகுக்கும் இடையே அந்த இடத்தில் தோலும், சிறிது கொழுப்பும், ஒரு சவ்வுப் போர்வையும் தவிர வேறொன்றும் இல்லை. மார்பில் விலா எலும்புகள் காவல் நிற்கின்றன. மூளையை மண்டையோடு மூடியிருக்கிறது. இவ்வளவு பெரிய தமனியின்மேல் இங்கே தசைகூட இல்லை. அதன் பின்பக்கத்தில் மட்டும் இடுப்பெலும்பின் விளிம்பும் தொடையெலும்பின் தலையும் இருக்கின்றன. முன்பக்கம் காப்பு இல்லாதது ஆபத்து. பின்பக்கம் எலும்பு இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அது எப்படி வாய்ப்பாகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தொடையின் மேற்பகுதியில் இந்தத் தமனி ஓடும் பள்ளத்தை மருத்துவ மாணவர்கள் தொடை முக்கோணம் என்று படிக்கிறார்கள். மேலே கவட்டு நார்ப்பட்டை, உட்புறம் தொடையை உள்நோக்கி இழுக்கும் ஒரு தசை, வெளிப்புறம் இடுப்பு முனையிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை குறுக்காக இறங்கும் சார்டோரியஸ் என்ற நீண்ட தசை ஆகிய மூன்றும் அதன் எல்லைகள். உடலிலேயே நீளமான தசையான சார்டோரியஸ், நாம் சம்மணமிட்டு அமரும்போது வேலை செய்வது. இந்த முக்கோணத்துக்குள் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகத் தடவிச் சென்றால் முதலில் தொடை நரம்பு, அடுத்துத் தமனி, அதற்கும் உட்புறம், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை என்ற வரிசை மாறாமல் இருக்கும். தமனியும் சிரையும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. நரம்பு அந்த உறைக்கு வெளியே நிற்கிறது. சிரைக்கும் உட்புறம் சிறிய வெற்றிடம் ஒன்று உண்டு. நடக்கும்போதும் முக்கும்போதும் சிரை விரிந்துகொள்ள இந்த இடம் உதவுகிறது. சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, குடல் பிதுங்கி இறங்குவதும் இதே இடைவெளி வழியாகத்தான். காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டால் இரண்டு நாளில் கவட்டில் நெறி கட்டிக்கொள்கிறது என்று கிராமத்தில் சொல்வோமே, அந்த நெறிகள் இந்தக் குழாய்களை ஒட்டி அமைந்துள்ள நிணநீர் முடிச்சுகளே.

கவட்டு மடிப்புக்கு 3 அல்லது 4 சென்டிமீட்டர் கீழே தொடைத் தமனியிலிருந்து ஆழ்தமனி என்ற பெரிய கிளை பிரிந்து, தசைகளுக்கிடையே எலும்பை நோக்கி ஆழமாக இறங்குகிறது. பெயரளவில் கிளையே தவிர, தொடையின் தசைகளுக்கெல்லாம் உணவூட்டுவது இதுதான். முதன்மைத் தமனி தொடைக்கு அதிகம் கொடுப்பதில்லை; அது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிக்கான ரத்தத்தைச் சுமந்துகொண்டு தொடை வழியாகக் கடந்து செல்கிறது. ஆழ்தமனியின் உட்புறக் கிளை ஒன்று தொடையெலும்பின் கழுத்தைச் சுற்றிச் சென்று அதன் தலைக்கு ரத்தம் அளிக்கிறது. வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால், எலும்பைச் சேர்த்துத் திருகாணி போடாமல் தலையையே எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதுண்டு. கட்டணத்துக்காகச் சொல்கிறார்கள் என்று உறவினர்கள் சந்தேகப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். எலும்பின் கழுத்து முறியும்போது அதை ஒட்டிச் செல்லும் இந்தச் சிறு குழாய்களும் அறுந்துவிடுவதால், சேர்த்து வைத்த தலை ரத்தமின்றிச் செத்துப்போகக் கூடும் என்பதே பெரும்பாலும் அதன் காரணம்.

ஆழ்தமனியை விட்டுப் பிரிந்த முதன்மைத் தமனி, தொடையின் நடுப்பகுதியில் சார்டோரியஸ் தசைக்கு அடியில் நுழைந்து, மூன்று பக்கமும் தசைகளால் சூழப்பட்ட ஒரு குறுகிய கால்வாய் வழியாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே பெரிய உள்தொடைத் தசையில் உள்ள துளை ஒன்றின் வழியாகப் பின்பக்கம் சென்று, முழங்கால் மடக்கின் தமனியாகிறது. இக்கால்வாய்க்கு ஹன்டர் கால்வாய் என்ற பெயரும் உண்டு. ஜான் ஹன்டர் 18 ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர். அக்காலக் குதிரைவண்டி ஓட்டிகளுக்கு முழங்கால் மடக்கில் தமனி புடைத்து வீங்கும் நோய் வருவதுண்டு. புடைப்பு வெடித்தால் மரணம். வெடிக்காமலிருக்க வேண்டுமானால் காலைத் துண்டிக்க வேண்டும், அல்லது புடைப்பையே திறந்து கட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்றைய மருத்துவம். 1785 டிசம்பரில் 45 வயது வண்டிக்காரர் ஒருவருக்கு ஹன்டர் புடைப்பைத் தொடவே இல்லை. அதற்கு வெகு மேலே, தொடையின் நடுவில், நோயுறாத தமனியைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டார். கால் அழுகிப்போகும் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆழ்தமனியின் கிளைகள் முழங்காலைச் சுற்றியுள்ள சிறு குழாய்களோடு இணைந்து ரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைத்துக்கொள்ள, கால் பிழைத்தது. அவர் ஏறக்குறைய 6 வாரத்தில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார்.

மேற்சொன்ன கால்வாய்தான் புகைபிடிப்பவர்களுக்குத் தமனி அடைபடும் முதன்மையான இடங்களுள் ஒன்று. அடைப்பு மெதுவாக வளர்வதால், அதே ஆழ்தமனி மாற்றுப் பாதையைத் திறந்து வைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவர்கள் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலிப்பதாகவும், நின்றால் சரியாகிவிடுவதாகவும் சொல்வார்கள். வயதாகிவிட்டது என்று இதைத் தள்ளிவிடாமல் பாதத்தின் நாடியை மருத்துவரிடம் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் விபத்தில் தமனி ஒரே நொடியில் அறுபடும்போது, மாற்றுப் பாதை வளர்வதற்கு எவ்வித அவகாசமும் இல்லை. ஹன்டரின் வண்டிக்காரருக்குப் புடைப்பு வளர்ந்த காலமெல்லாம் உடல் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிரைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கணுக்காலின் முன்பக்கத்திலிருந்து காலின் உட்புறமாகத் தோலுக்கு அடியிலேயே ஏறிவரும் பெரிய சஃபீனஸ் சிரை, உடலிலேயே நீளமானது. அது கவட்டுக்குச் சற்றுக் கீழே சவ்வுப் போர்வையிலுள்ள ஒரு துளை வழியாக உள்ளே புகுந்து தொடைச் சிரையில் சேர்கிறது. இதய பைபாஸ் அறுவையில் 'காலிலிருந்து நரம்பு எடுத்தார்கள்' என்று நாம் சொல்வது இந்தச் சிரையைத்தான். அதற்குள் ரத்தத்தைக் கீழே இறங்கவிடாத வால்வுகள் இருப்பதால், இதயத்தில் தைக்கும்போது தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்கிறார்கள். சஃபீனஸ் சிரை தொடைச் சிரையில் சேரும் முகப்பிலுள்ள வால்வு பழுதுபட்டால் கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் ஜவுளிக்கடைப் பெண்களிடமும் பேருந்து நடத்துநர்களிடமும் இதைப் பரவலாகக் காணலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம், உடற்கூறியல் அறிந்தவன் கண்ணுக்கு மிகச் சரியான சட்டம். ஆழத்திலுள்ள தொடைச் சிரையில் ரத்தம் உறைந்தால் அது வேறு கதை: உறைகட்டி நழுவி இடுப்பு வழியாக இதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் சென்று அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களை மறுநாளே எழுப்பி நடக்கச் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்த வரைபடம் தெரியாமலேயே நாம் அனைவரும் அதனால் பயனடைந்திருக்கிறோம். பிறந்து 6, 10, 14 ஆவது வாரங்களில் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியைக் கிராம சுகாதார செவிலியர் தொடையின் நடுவே, முன்பக்கமும் வெளிப்புறமும் சந்திக்கும் சதையில்தான் போடுவார். உட்புறம் ஊசியை ஒருபோதும் கொண்டுசெல்லமாட்டார். பெரிய குழாய்களும் நரம்பும் உட்புறம் ஓடுகின்றன என்பதும், பிட்டத்தில் போட்டால் அங்குள்ள பெரிய நரம்புக்கு ஆபத்து என்பதும், குழந்தைக்கு அந்த வயதில் தொடையில்தான் போதிய சதை இருக்கிறது என்பதும் காரணம். பிறந்த குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர் கவட்டில் இருபுறமும் விரலை வைத்துப் பார்ப்பதையும் சில தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அங்கே துடிப்பு மங்கியிருந்தால் மகாதமனி எங்கோ குறுகியிருக்கலாம் என்று அவர் சந்தேகிப்பார்.

இனி முக்கியமான பொருளுக்கு வருகிறேன். வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 2 லிட்டருக்கு மேல் விரைவாக வெளியேறிவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து, நினைவு தப்பி, உயிர் ஊசலாடத் தொடங்கும். கவட்டுக்கு அருகே தொடைத் தமனி அறுபட்டால் இந்த அளவு ரத்தம் சில நிமிடங்களில் வெளியேறிவிடக் கூடும். முழுவதும் அறுபட்ட தமனி சுருங்கி உள்ளிழுத்துக்கொள்வதால் சில வேளைகளில் ரத்தப்போக்கு தானாகக் குறையும். ஒரு பக்கம் மட்டும் கிழிந்த தமனியால் அவ்வாறு சுருங்க முடியாது, கிழிசல் விரிந்தே இருக்கும். சிறிய கத்திக் குத்தே பெரிய வெட்டைவிட மோசமாக முடிவதற்கு இது ஒரு காரணம். இறைச்சிக் கடையில் எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும்போது கத்தியைத் தம்மை நோக்கி இழுப்பவர்களுக்கு, கை நழுவினால் நுனி வந்து இறங்குவது பெரும்பாலும் கவட்டில்தான். கனமான தோல் ஏப்ரன் ஒன்று அணிந்தால் தவிர்த்துவிடக்கூடிய காயம் அது.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலும் தொடை ஒருவரைக் கொல்லக்கூடும். தொடையெலும்பு முறிந்தால், தோல் கிழியாவிட்டாலும், தசைகளுக்கிடையே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் தேங்கிவிடும். இரு தொடைகளும் முறிந்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் ஊர் எலும்பு முறிவு வார்டுகளில் கட்டில்தோறும் காணப்படும், வளையமும் இரண்டு நீண்ட கம்பிகளும் கொண்ட தாமஸ் சிம்பு முதல் உலகப் போரில் பெயர் பெற்றதும் இந்தக் காரணத்தால்தான்: முறிந்த தொடையை இழுத்து அசையாமல் வைத்தால் உள்ளே தேங்கும் ரத்தம் குறைகிறது, வீரர்கள் உயிரோடு மருத்துவமனை வந்து சேர்கிறார்கள் என்று கண்டார்கள். இருசக்கர வாகன விபத்தில் முறிந்த காலோடு கிடப்பவரைத் தோளையும் காலையும் பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிப்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். இன்னொன்று: விழும்போது கைப்பிடியின் முனை கவட்டில் குத்தினால், வெளியே கன்றிய தடம் மட்டுமே இருக்கும், உள்ளே தமனியின் உட்சுவர் கிழிந்து மடங்கி அடைத்துக்கொண்டிருக்கலாம். அடிபட்ட காலின் பாதம் மற்றதைவிடக் குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போயிருந்தால் 'உள்காயம், தைலம் தடவினால் சரியாகும்' என்று சொல்லி, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமென இருந்துவிடக் கூடாது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலைக் காப்பாற்றுவது கடினமாகிக்கொண்டே போகும்.

மதுரைக்காரன் ஆகையால் ஜல்லிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாடு தலையைத் தாழ்த்தி மேல்நோக்கித் தூக்கும்போது கொம்பு நுழையும் உயரம், நிற்கும் மனிதனின் தொடையும் கவடும் இருக்கும் உயரமே. அதிலும் கொம்பு நேராக உள்ளே போய் நேராக வெளியே வருவதில்லை. தூக்கப்பட்ட ஆள் அதன்மேல் சுழல்வதால் வெளியே ஒரு துளையும் உள்ளே பல திசைகளில் கிழிசலும் ஏற்படுகின்றன. ஸ்பெயின் நாட்டில் காளைப் போரில் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். 1947 ஆகஸ்டில் லினாரெஸ் ஊரில் புகழ்பெற்ற வீரர் மனோலெட்டே மாண்டது வலது தொடையில், நான் மேலே விவரித்த அதே முக்கோணத்தில் பட்ட காயத்தால். 1984 செப்டம்பர் 26 அன்று போஸோபிளாங்கோ என்ற சிற்றூரில் பக்கிர்ரி என்ற வீரருக்கும் தொடையில் கொம்பு இறங்கியது. அரங்கின் சிறு மருத்துவ அறையில் படுத்துக்கொண்டே, காயம் உள்ளே இரண்டு திசைகளில் போயிருக்கிறது என்று அவர் மருத்துவரிடம் நிதானமாக விளக்கும் காட்சி தொலைக்காட்சிப் பதிவாகவே இருக்கிறது. பெரிய மருத்துவமனை கோர்தோபா நகரில் இருந்தது. வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அவனியாபுரம் மதுரையை ஒட்டியே இருக்கிறது. பாலமேடும் அலங்காநல்லூரும் அப்படியல்ல, ஊர் தாண்டிப் போக வேண்டும். இப்போது பல சிற்றூர்களிலும் வாடிவாசல் திறக்கிறார்கள். மருத்துவக் குழுவும் ஆம்புலன்சும் நிறுத்தப்படுவது பாராட்டத் தக்கது. ஆனால் முட்டுப்பட்டவரை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடும் அந்த ஓரிரு நிமிடத்தில் காயத்தின்மேல் யாருடைய கையும் இருப்பதில்லை என்பதை நேரலையில் பார்க்கும் எவரும் கவனிக்கலாம்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், கையை நீட்டி, உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். காயம் ஆழமான துளையாக இருந்தால் துணியை மேலே வைத்தால் போதாது. வேட்டியின் கிழிசலையோ துண்டையோ விரலால் துளைக்குள் நிரம்பத் திணித்து, அதற்கு மேல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. காயம் சற்றுக் கீழே இருந்து, கட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், முன்பு விரல் வைத்து நாடி பார்க்கச் சொன்ன அதே இடத்தில் கைவிரல்களை மடக்கிக் குத்துவது போல் வைத்து, அல்லது முழங்காலையே ஊன்றி, நேராகப் பின்னோக்கி அழுத்தினால் தமனி எலும்போடு நசுங்கி ரத்தம் குறையும். பின்பக்கம் எலும்பு இருப்பது வாய்ப்பு என்று சொன்னது இதைத்தான். குத்திய பொருள் உள்ளேயே இருந்தால் பிடுங்கக் கூடாது. சில வேளைகளில் அதுவே அடைப்பானாக இருக்கும்.

நடுத்தொடைக்குக் கீழே உள்ள காயமாக இருந்து, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே தொடையைச் சுற்றிக் கட்டலாம். இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. சிரைகளில் அழுத்தம் குறைவு, தமனியில் அதிகம். ஆகவே கையால் மட்டும் இறுக்கிய தளர்ந்த கட்டு, திரும்பிச் செல்லும் சிரை ரத்தத்தைத் தடுக்குமே தவிர உள்ளே வரும் தமனி ரத்தத்தைத் தடுக்காது. விளைவு, கட்டுக்கு முன்பு இருந்ததைவிட அதிக ரத்தப்போக்கு. அகலமான துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சில் ஒரு குச்சியையோ ஸ்பேனரையோ வைத்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி திரும்பிவிடாமல் கட்டிவிட வேண்டும். வலிக்கும், வலிப்பதற்காகத் தளர்த்தக் கூடாது, இடையிடையே அவிழ்த்துவிடவும் கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதிவிட வேண்டும். சணல் கயிறும் கம்பியும் சதையை அறுக்கும் என்பதால் அவை ஆகா. கட்டினால் கால் போய்விடும் என்ற பயம் மருத்துவர்களிடையேயும் நெடுநாள் இருந்தது. ஈராக் போரின்போது பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் 2006 இல் நடத்தி, 2009 இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்தைப் பெரிதும் போக்கியது. ரத்தமிழந்து அதிர்ச்சி நிலைக்குச் செல்வதற்கு முன்பே கட்டுப் போடப்பட்டவர்களில் 10 பேருக்கு 9 பேர் பிழைத்தனர். அந்நிலைக்குச் சென்ற பிறகு கட்டுப் போடப்பட்டவர்களில் 10 பேருக்கு ஒருவரே பிழைத்தார். கட்டு ஒன்றின் காரணமாகவே காலை இழந்தவர் எவருமில்லை.

பாம்புக் கடிக்கு இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடிபட்ட காலைத் தொடையில் இறுக்கிக் கட்டுவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. அது நஞ்சைத் தடுப்பதைவிடக் காலைக் கெடுப்பதே அதிகம். ரத்தம் பீறிடும் காயத்துக்கு மட்டுமே நான் சொன்ன கட்டு.

அடிபட்டவரைத் தொட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. உதவி செய்பவர்களைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 இல் ஏற்றுக் கட்டாயமாக்கியது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்துள்ளது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 108 வண்டியும் வருகிறது. ஆனால் அந்த 48 மணி நேரக் கணக்கு தொடங்குவதற்குள், வண்டி வந்து சேரும் முன்பே, தொடைக் காயத்தின் முடிவு தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடைவெளியில் அருகில் இருப்பவர் தேநீர்க் கடைக்காரரோ, நடத்துநரோ, பள்ளி மாணவரோதான்.

ஆகவே அரசிடம் என் வேண்டுகோள், மேல்நிலைப் பள்ளியில் ரத்த ஓட்டத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், கவட்டு நாடியைத் தம் உடலிலேயே கண்டறியவும், துண்டும் குச்சியும் கொண்டு முறுக்குக் கட்டுப் போடவும் செய்முறை வகுப்பில் பழக்க வேண்டும் என்பது. ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும், காவலர்களுக்கும், மாடுபிடி வீரராகப் பெயர் பதிவு செய்வோருக்கும் அரை மணி நேரப் பயிற்சி போதும். மாடுபிடி வீரர்களுக்கு உடற்தகுதிச் சான்று கேட்கும் நாளிலேயே இதையும் நடத்திவிடலாம்; மருத்துவர்கள் எப்படியும் அங்கே இருக்கிறார்கள்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. மருத்துவர் சொல்லாதவரை, தொடைக் காயத்தைப் பற்றிய செய்தியில் 'ஆபத்தில்லை' என்று எழுத வேண்டாமெனச் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள். வரும் பொங்கல் வாரத்தில், வாடிவாசல் படங்களுக்கிடையே, கவட்டில் எந்த இடத்தில் கையை வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டும் கோட்டோவியம் ஒன்றைக் கால் பக்கத்துக்காவது வெளியிடுங்கள். ஓவியருக்கு அளவுகள் தேவைப்பட்டால் வரைந்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்,
மதுரை.